சனசமூக நிலையத்தில் ஏழு படங்கள்

முதல் நாள்: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை

தஞ்சாவூரில் எனக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற வேலை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தை ஏற்ற வேண்டும், பின்னால் யாரோ தும்மியதை எடுக்க வேண்டும், மாப்பிள்ளையின் சித்தப்பா 'பந்தி ரெடியா' என்று கத்தியதை அமுக்க வேண்டும். பதினாறு வருஷமாக இதையே செய்ததில் காதுக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. வேண்டாத சத்தம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த நாட்களில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒலி சரிசெய்து கொடுப்பேன். காசு பெரும்பாலும் வராது, டைட்டிலில் பெயர் வரும்.

போன மார்கழியில் அப்படி வந்ததுதான் யாழ்ப்பாணத்துப் படம். பதினொரு நிமிடம். எடுத்தவர் அங்கே கணக்குப் பாடத்துக்கு ட்யூஷன் நடத்துகிற டீச்சர். படத்தில் காது கேளாத ஒரு அம்மம்மா. வீட்டில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் நடுநடுவே திடீரென்று எழுந்து வெளியே போவார், வருவார். ஏன் போகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. உலகப் பட பாணி போல என்று விட்டுவிட்டேன். ஒலிதான் என் பொறுப்பு. காற்று, காகம், பக்கத்து வீட்டு மோட்டார், மூன்று இடத்தில் யாருடையதோ போன் ரிங்டோன். எல்லாவற்றையும் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்பினேன். 'நல்ல சுத்தமா இருக்கு அண்ணா' என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்தப் படத்தையும் இன்னும் ஆறு படங்களையும் அவர்கள் ஊர் சனசமூக நிலையத்தில் போடுகிறார்களாம், வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட நாளிலிருந்து போகணும் போகணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். சரி, இதுதான் சாக்கு என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் 'ஒரு சின்னப் படத்துக்காகக் கடல் தாண்டுவாங்களா?' என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இலேயே கப்பல் ஓடியிருக்கிறது. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலில் ஏறி, அக்கரையில் மறுபடி ரயில். 1964 புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது. இப்போது ஓடுகிற 'சிவகங்கை' சுமார் அறுபது கடல் மைலை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரம்தான்.

முதல் ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் வைத்தியத்துக்குத் தமிழ்நாடு வந்து திரும்புகிற வயதான தம்பதி. அந்த அம்மா என் முதுகில் தட்டி, "குனியாதையும் தம்பி. தூரத்தைப் பாரும்" என்றார். பார்த்தேன். தூரத்தில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் வயிறு அடங்கியது. பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். எலுமிச்சம்பழத்துக்கு அங்கே அந்தப் பெயர்.

காங்கேசன்துறையில் முதலில் கண்ணில் படுவது பாழடைந்து நிற்கிற சிமெண்ட் ஆலை. சோதனை எல்லாம் முடிந்து வெளியே வந்தால், டீச்சரும் அவருடைய தம்பியும் ஆட்டோவோடு நின்றார்கள். 'ரீச்சர்' என்றுதான் தம்பி கூப்பிடுகிறான், அக்காவை! ட்யூஷனில் அவரிடமே படித்தவனாம், அந்தப் பழக்கம் போகவில்லை. நம் 'ட'வை அவர்கள் 'ர' ஆக்கிவிடுகிறார்கள். டிவி அங்கே ரீவி, டிராக்டர் ரக்ரர். இரண்டு நாளில் எனக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது.

தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம் என்று வரிசையாக ஊர்கள். செம்மண், பனை, வாழை, வெங்காயத் தோட்டம். ராத்திரி டீச்சரின் மாமி வீட்டில் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. வயிறு இன்னும் கடலில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்றாலும் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். மிச்சம் நாளைக்கு.

இரண்டாம் நாள்: தியேட்டர் பார்க்கப் போனது

காலையில் யாருடைய போனோ அடித்து எழுப்பிவிட்டது. அதே ரிங்டோன்தான், படத்தில் துடைத்தேனே, அது. இந்த ஊரில் எல்லோரும் ஒன்றையே வைத்திருக்கிறார்கள் போல. திரும்பிப் படுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு டீச்சரின் பெரியப்பா வந்தார். எழுபத்தி நாலு வயது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டிய ஆள். 'ஒப்பரேற்றர்' என்று சொல்லிக் கையைக் கொடுத்தார். கட்டைவிரல் ஓரத்தில் பழைய சூட்டுத் தழும்பு. கார்பன் குச்சியை எரித்து வெளிச்சம் எடுத்த காலத்து அடையாளம்.

அவரோடு டவுனைச் சுற்றினால் இல்லாத ஊர் ஒன்றைச் சுற்றிய மாதிரி இருக்கிறது. ரீகல், வின்சர், ராணி, வெலிங்டன், மனோகரா, ஸ்ரீதர், ராஜா என்று விரல்விட்டு எண்ணுகிறார். ரீகலில் இங்கிலீஷ் படம், கோட்டைக்குக் கிட்ட. ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டிப்போய், எதிரே நின்று, "இதிலதான்" என்பார். இருப்பது ஒரு கடையாகவோ சுவராகவோ இருக்கும். அவர் கண் அதைப் பார்ப்பதில்லை. டிக்கெட் கவுண்டர் எங்கே, கேலரிக்குப் போகிற வழி எங்கே, கடலைக்காரன் எங்கே நிற்பான் என்று காற்றில் வரைந்து காட்டுகிறார். ராஜா இன்றும் ஓடுகிறது. அப்புறம் நடு டவுனில் கார்கில்ஸ் கட்டடத்துக்குள் ஏசி போட்ட புதுத் திரைகள். எல்லா இடத்திலும் சென்னைப் படங்கள்தான். போஸ்டரில் இருக்கிற முகங்களை நான் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"உங்கட படங்களை நாங்கள் பார்ப்பம். எங்கட படத்தை ஆர் பார்க்கிறது?" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டி விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அவர்கள் படம் என்று ஒன்று இருந்தது. 1962இல் 16 எம்எம்மில் எடுத்த 'சமுதாயம்'தான் இலங்கையின் முதல் தமிழ்ப் படம். அடுத்த வருஷம் 35 எம்எம்மில் 'தோட்டக்காரி'. 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா கைக்காசைப் போட்டு 'குத்துவிளக்கு' தயாரித்தார். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பம், யாழ்ப்பாணப் பேச்சு. 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா 'பொன்மணி' எடுத்தார். அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. பெரியப்பாவுக்கு 'வாடைக்காற்று' மேல் தனிப் பிரியம். 'பொன்மணி' பற்றிக் கேட்டால், "மெதுவான படம் தம்பி. சனம் பாட்டு எங்கை, சண்டை எங்கை எண்டு கேட்டது. இப்ப பார்த்தால் அதுதான் படம் எண்டு விளங்குது" என்றார். இந்த வரிசை எண்பதுகளில் அறுந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யார் படம் எடுப்பது?

நூலகத்துக்குப் போனோம். 1981இல் எரித்தபோது உள்ளே சுமார் 97,000 புத்தகங்கள் இருந்தன என்பதைப் படித்திருக்கிறேன். வெள்ளைக் கட்டடத்தின் முன் நிற்கும்போது அந்த எண் வேறு மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பக்கத்திலேயே இந்திய அரசு கட்டிக்கொடுத்த பதினொரு மாடிப் பண்பாட்டு மையம். அதற்குள் 600 பேர் உட்காருகிற அரங்கம். 'அங்கே போட்டிருக்கலாமே' என்று டீச்சரிடம் கேட்டேன். 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, பெரிய அரங்கு எல்லாம் அதற்குச் சரி என்றார். "எங்கட அம்மம்மா டவுனுக்கு வரமாட்டா அண்ணா. நடிச்ச ஆள் பார்க்க வேணாமே?"

திரும்பும் வழியில் பெரியப்பா தொண்ணூறுகளைப் பற்றிப் பேசினார். இந்தப் பயணத்தில் நான் அதிகம் நினைத்துக்கொள்ளப் போவது இதைத்தான் என்று தோன்றுகிறது. 1990க்குப் பிறகு வருஷக்கணக்கில் குடாநாட்டில் கரண்ட் கிடையாது. பெட்ரோல் கிடையாது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். படம் பார்க்க ஆசை வந்தால் ஒழுங்கைச் சனம் (ஒழுங்கை என்றால் நம்ம சந்து) சேர்ந்து காசு போட்டு ஜெனரேட்டர், டிவி, வீடியோ டெக் மூன்றையும் வாடகைக்கு எடுக்கும். எடுத்தால் விடிய விடிய மூன்று படம். ஒரே படத்துக்காக அவ்வளவு எண்ணெய் எரிக்க முடியாதே. தியேட்டர் வேலை போன பெரியப்பாதான் டெக் ஓட்டுகிற ஆள். "ஜெனரேற்றர் சத்தத்திலை கதைக்கிறது ஒண்டும் கேளாது. எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் படம் பார்த்தம்" என்றார்.

ஒலி சரிசெய்கிறவன் நான். தலையைக் குனிந்துகொண்டு ஐஸ்கிரீமைத் தின்றேன். (நல்லூர்ப் பக்கம் போனால் ரியோ ஐஸ்கிரீமைத் தவறவிடாதீர்கள்.)

மூன்றாம் நாள்: திரையிடல்

இன்றைக்கு நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

சனசமூக நிலையம் என்றால் நம் ஊரில் விளங்காது. ஒவ்வொரு ஊருக்கும், சில இடத்தில் ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒன்று இருக்கிறது. ஊர்ச்சனமே நடத்துவது. சாய்வு மேசையில் உதயன், வலம்புரி எல்லாம் கிடக்கும், காலையில் பெரியவர்கள் நின்றுகொண்டே படிப்பார்கள். சாயங்காலம் அதே முற்றத்தில் பிள்ளைகள் கைப்பந்து விளையாடுவார்கள். அந்தக் கைப்பந்துக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியதுதான் திரை. ட்யூஷன் கொட்டகையிலிருந்து புரொஜெக்டர். கோயிலுக்குக் கொடுக்கிற ஆளிடமிருந்து இரண்டு ஸ்பீக்கர். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் பிள்ளைகளுக்குப் பாய்.

மத்தியானத்திலிருந்தே படமெடுத்தவர்கள் வரத் தொடங்கினார்கள். ஏழு பேரில் நான்கு பேர் என் சாதி, அதாவது வீடியோக்காரர்கள். கல்யாணத்தைவிட இங்கே சாமத்திய வீட்டுக்குத்தான் செலவு. பெண்பிள்ளை பெரியவளான சடங்கு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாமன்மார் காசு அனுப்பி, டிரோன் பறக்கவிட்டு எடுக்கிறார்கள். அந்தக் கேமராவும் லென்சும் சும்மா இருக்கிற நாளில்தான் குறும்படம் பிறக்கிறது. நான் ஆடி மாதத்தைச் சொன்னேன், அவர்களும் அதையே சொன்னார்கள். எந்த லைட் வாடகைக்கு எவ்வளவு, எந்த மைக் காற்றைத் தின்னும் என்று பேசியதில் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. நடிகருக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. டீச்சர் படத்துக்கு மொத்தச் செலவு இலங்கைக் காசில் 42,000 ரூபாய், அதில் பாதி மதியச் சாப்பாடு.

ஏழு மணிக்குத் தொடங்கியது. பக்கத்துக் கோயிலில் திருவிழா, ஒன்பது மணிவரை ஒலிபெருக்கி போடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்ட இருநூறு பேர் இருக்கும்.

முதல் படம் பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் போனில் எடுத்தது. கிணற்றடிப் பேய். பேயாக நடித்தவனின் அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். பேய் வாளியில் தடுக்கி விழுந்ததும் அவர் எழுந்து நின்று சிரித்தார். அதன் பிறகு யாருக்கும் பயம் வரவில்லை. இரண்டாவது, காங்கேசன்துறைப் பக்கத்துக் காணிக் கதை. 1990இல் அந்தப் பகுதி சனத்தை எழுப்பி, உயர் பாதுகாப்பு வலயமாக்கி, போருக்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள், இன்னும் விடாதது உண்டு. விட்ட காணிக்குத் திரும்பும் ஒரு அம்மா தன் வீடு எது என்று கண்டுபிடிக்க எல்லைக்கல்லைத் தேடுகிறார். பற்றைக்குள் அலைகிறார். கல் கிடைக்கவில்லை, கிணறு கிடைக்கிறது. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்: குசினி இதில, சாமியறை இதில. இந்தப் படத்துக்குக் கைதட்டல் வரவில்லை. கொஞ்ச நேரம் நாற்காலி அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. நேற்றுப் பெரியப்பா காற்றில் வரைந்த டிக்கெட் கவுண்டர் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருபத்தைந்து நிமிட ரவுடிப் படம், ஸ்லோ மோஷன், கருப்புக் கண்ணாடி. எல்லோரும் வடசென்னைப் பாஷை பேசினார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் 'இன்னா நைனா' என்றால் எப்படி இருக்கும்? எடுத்தவரிடம் அப்புறம் கேட்டேன், ஏன் உங்கள் பேச்சில் எடுக்கவில்லை என்று. "எங்கட தமிழிலை வெருட்டினா ஆர் அண்ணை பயப்பிடுவினம்?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. ரவுடி என்றால் சென்னையில்தான் இருப்பான் என்று அறுபது எழுபது வருஷமாக நாம் படம் அனுப்பிப் பழக்கியிருக்கிறோம்.

நான்காவது குருநகர் மீனவப் பையன் எடுத்தது. வசனமே இல்லை. இரவு போட்ட வலையை விடியலில் இழுக்கிறார்கள். வருவது வெறும் கயிறு. அறுந்த முனையைக் கையில் வைத்து அப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார். தூரத்தில் வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். அந்த வெளிச்சம் என்ன என்று முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நம் கரையிலிருந்து போகிற இழுவைமடிப் படகுகள். நம் பத்திரிகையில் 'தமிழக மீனவர்கள் கைது' என்று வருகிற செய்தியின் மறுபக்கம் இது. இலங்கையில் 2017இலேயே அந்த மடியைத் தடை செய்துவிட்டார்கள். அடிக்கடலைச் சுரண்டிக்கொண்டு போகிற மடி, குறுக்கே கிடக்கிற சின்னப் படகுக்காரன் வலையையும் சேர்த்து இழுத்துப் போகும். பிடிபட்ட நம் ஆட்களின் வீட்டுக் கண்ணீரும் பொய்யில்லை, கூலிக்குப் போனவர்கள்தான் அவர்களில் பாதி. ஆனால் அறுந்த கயிற்றை இந்தக் கையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "தம்பி நாகபட்டினத்தாலை வந்தவரோ?" என்று கேட்டார். "தஞ்சாவூருங்க ஐயா" என்றேன். "கிட்டத்தானே" என்றார். கிட்டத்தான்.

ஐந்தாவதும் ஆறாவதும் ஓடின. ஏழாவது டீச்சருடையது. 'ஒலி வடிவமைப்பு' என்று என் பெயர் வந்தது, தஞ்சாவூர் என்றும் போட்டிருந்தார்கள், கைதட்டினார்கள். அம்மம்மா முதல் வரிசையில், காதில் மிஷின் இல்லாமல், பளிச்சென்று வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் மகள் கூப்பிடுகிறாள், அம்மம்மா திரும்பவில்லை. பேரன் காதுக்குள் கத்துகிறான், திரும்பவில்லை. பாத்திரம் விழுகிறது, திரும்பவில்லை. முற்றம் சிரிக்கிறது. அப்புறம் ஒரு நிசப்தம், நான் பார்த்துப் பார்த்துத் துடைத்த நிசப்தம். அம்மம்மா எழுகிறார், சேலைத் தலைப்பிலிருந்து காசை அவிழ்த்துக்கொண்டு படலைப் பக்கம் (வெளிவாசல் கதவை அங்கே அப்படிச் சொல்கிறார்கள்) நடக்கிறார்.

சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் எழும்பிறா?" என்று பின்னால் ஒரு குரல். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பாயில் உட்கார்ந்திருந்த ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று எழுந்து நின்று உரக்கக் கேட்டாள்:

"பாண்காரன்ரை பாட்டு எங்கை?"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்திலிருந்த டீச்சரின் தம்பி மெதுவாக விளக்கினான். இங்கே காலையிலும் மாலையிலும் பாண், பணிஸ் எல்லாம் ஆட்டோவில் வரும். பாண் என்றால் நம்ம பிரெட். அந்த ஆட்டோ ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டே ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றும். இலங்கை முழுக்க அதே மெட்டு. ஜெர்மன்காரர் பீத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய 'ஃபர் எலீஸ்'. அதைக் கேட்டால்தான் வீட்டுக்காரர்கள் காசோடு வாசலுக்கு வருவார்கள். யார் கத்தினாலும் கேட்காத அம்மம்மாவுக்குத் தூரத்தில் வருகிற அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். படமே அதுதான். டீச்சர் வண்டியைக் காட்டவே இல்லை, ஒலியை நம்பி விட்டிருந்தார். அந்த ஒலியைத்தான் 'ரிங்டோன்' என்று மூன்று இடத்திலும் நான் வழித்து எறிந்திருக்கிறேன். நேற்றுக் காலை என் ஜன்னலுக்கு வெளியே அதுவே வந்து கூப்பிட்டும் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

கலந்துரையாடல் என்று மைக் வைத்தார்கள். டீச்சர், "அது தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய், கோளாறு நான்தான் என்று சொன்னேன். எங்கள் ஊரில் பாண் வண்டி கிடையாது, போன் என்று நினைத்து எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து குருநகர்ப் பையன்:

"வலையையும் அறுத்தியள், இப்ப பாட்டையும் அறுத்திட்டியளோ அண்ணை?"

முற்றமே அதிர்ந்தது. முன்வரிசைப் பெரியவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. சிரித்து முடிந்த பிறகும் அந்த வரி உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது எழுதும்போதும் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் (இங்கே தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள்) குறும்படக் கலையின் வரலாறு பற்றி இருபது நிமிடம் பேசினார். எட்டே முக்காலுக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. அவரைத் தவிர யாரும் வருத்தப்படவில்லை.

ராத்திரி டீச்சரிடம் கேட்டேன்: நான் அனுப்பியதும் கேட்டிருப்பீர்களே, ஏன் சொல்லவில்லை? கொஞ்சம் தயங்கினார். "கேட்டனான். முதல் தரமே விளங்கினது. ஆனா நீங்கள் இந்தியாவிலை வேலை செய்யிற ஆள். தெரிஞ்சுதான் எடுத்திருப்பியள் எண்டு நினைச்சன்."

இதற்குத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான்காம் நாள்: ஒழுங்கையில்

ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் மறுபடி போடுகிறார்கள். அதற்குள் சரிசெய்ய வேண்டும். டீச்சரின் பழைய ஒலிக்கோப்பிலிருந்து அந்த மெட்டை எடுக்கலாம்தான். ஆனால் அதில் மகளின் குரல் மேலே ஏறிக் கிடக்கிறது, தனியாகப் பிரித்தால் தகரம் மாதிரி வரும். காலை ஐந்தரைக்கே ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு படலையடியில் நின்றேன். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, "ஆறரைக்குத்தான் வருவான்" என்றார்.

ஆறு முப்பத்தி நாலுக்குக் கேட்டது. முதலில் மூன்று ஒழுங்கைக்கு அப்பால், காற்றோடு கரைந்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். அப்புறம் ஒரு மதிலுக்குப் பின்னால் மறைந்தது. மறுபடி வந்தபோது கிட்டே. ஒரு நாய் குரைத்தது. எங்கோ ஒரு படலை திறந்தது. இந்த வளர்ச்சியை ஸ்டூடியோவில் செய்ய எனக்கு அரை நாள் ஆகும், அப்போதும் இது வராது. பாண்காரர் பெடியன்தான், இருபது வயதுகூட இருக்காது. மைக்கைப் பார்த்ததும் பயந்துபோய் மெட்டை நிறுத்திவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அம்மம்மாவின்ரை படத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு ஒழுங்கை முனைவரை போய், முதலிலிருந்து மறுபடி வந்தார். இரண்டு தரம். இரண்டாவது தரம் வேலையில்லாமல் மூன்று வீட்டிலிருந்து காசோடு வெளியே வந்து விட்டார்கள். முதலை மாதிரி நீளமாகச் சீனி தூவிய பணிஸ் ஒன்று வாங்கினேன். கிம்புலா பணிஸ் என்று பெயர். காசு வாங்க மாட்டேன் என்றார், பாக்கெட்டில் திணித்தேன்.

பெரியப்பா ஸ்டேஷன்வரை வந்தார். 1990இல் நின்ற ரயில் காங்கேசன்துறைக்கு 2015இல்தான் திரும்பி வந்தது, அதில் போங்கோ என்றார். போனேன். ரயிலிலேயே லேப்டாப்பைத் திறந்து மூன்று இடத்திலும் மெட்டை வைத்தேன். இடப்பக்கம் தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கிட்டே வருகிற மாதிரி. காகத்தையும் திரும்ப வைத்தேன். பக்கத்து வீட்டு மோட்டாரை வைக்கலாமா என்று யோசித்து, பாதி அளவில் வைத்தேன்.

துறைமுகக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து கோப்பை அனுப்பினேன். கப்பலில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிற நேரத்துக்குப் பதில் வந்தது:

"கேட்டன் அண்ணா. அம்மம்மாவும் பக்கத்திலை இருந்தவ, எழும்பிட்டா! ஆனா ஒரு சின்னப் பிழை. உங்கட பாண் ஓட்டோ இடப்பக்கத்தாலை வருது. எங்கட வீட்டுக்கு ஒழுங்கை வலப்பக்கம்."

வரிசையில் நின்றபடியே லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.